பகலவனின் கைராசி

கள்ளக்குறிச்சியில் பகலவனைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவன் வாயைத் தெரியாதவர்கள் கிடையாது. சாமி இல்லை, பேய் இல்லை, நல்ல நேரம் கெட்ட நேரம் இல்லை என்று ஆயுள் முழுக்கப் பேசித் தீர்த்த தகப்பனார், பிள்ளைக்குப் பெயரோடு சேர்த்து வாயையும் எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அவர் மேடை போட்டுப் பேசியதை மகன் ஏணி போட்டுப் பேசினான். யார் வீட்டு மாடியில் ஏறினாலும் சும்மா இறங்க மாட்டான். வாசற்படியில் குதிரை லாடம் அடித்திருந்தால், "இத்தக் கட்டிக்கினு ஓடுன குதிரைக்கே நல்ல காலம் பொறக்கல, ஒங்களுக்குப் பொறக்கப் போவுதாங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை. வீட்டுக்காரர் சிரிப்பார். சிரிக்காவிட்டால் நெட் வராதோ என்ற பயம் அவருக்கு.

கல்யாணத்துக்கு முன்னால் தியாகதுருகத்தில் கேபிள் டிவிக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தவன். தென்னைமரத்திலிருந்து மின்கம்பம், மின்கம்பத்திலிருந்து மாரியம்மன் கோயில் கோபுரம் என்று குரங்கு மாதிரி தாவித் தாவி வாழ்ந்தான். வீட்டுக்கு வீடு குடை டிஷ் வந்து கேபிள் தொழில் படுத்ததும், மண்ணுக்கடியில் நெட்டுக்கான கண்ணாடி இழை பதிக்கிற வேலைக்குப் போனான். பதித்த கையோடு ஜே.சி.பி. வந்து தோண்டும். ஒரு சாக்கடை வேலை, ஒரு குடிநீர்க் குழாய், ஒரு கட்சிக் கொடிக்கம்பம் போதும், தெருவுக்கே நெட் போய்விடும். கடைசியில் அலுத்துப்போய், "தோண்டற பொழப்பே வாணாம், காத்துல குடுக்கறேன்" என்று ஆரம்பித்ததுதான் இந்தத் தொழில்.

விஷயம் பெரிய மாயமில்லை. கண்ணாடி இழை அவன் வீடு வரைக்கும் வருகிறது. வீட்டு மாடியில் இரும்புக் கோபுரம். அதில் நாலு பக்கமும் பார்த்தபடி சின்னச் சின்ன டிஷ்கள். வாடிக்கையாளர் வீட்டு மாடியில் அதைப் பார்த்தபடி இன்னொரு டிஷ். இரண்டும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்கும் வரை நெட் ஓடும். அங்கிருந்து ஒரு ஒயர் வீட்டுக்குள் இறங்கி ஒரு பெட்டியில் முடியும், அவ்வளவுதான். செல்போன் கோபுரம் ஊரிலுள்ள அத்தனை பேருக்கும் ஒரே பானையிலிருந்து கஞ்சி ஊற்றுகிறது, கடைசியில் நிற்பவனுக்கு நீத்தண்ணிதான். பகலவனின் டிஷ் இடம் மாறாத வீட்டுக்கும் கடைக்கும் ஆலைக்கும் அவரவர் பங்கை எடுத்து வைத்துக் கொடுக்கும்.

நிபந்தனை ஒன்றே ஒன்று. குறுக்கே எதுவும் நிற்கக் கூடாது. கண்ணுக்குத் தெரிகிற கோடு மட்டும் காலியாக இருந்தால் போதாது, அதைச் சுற்றிக் கல்யாணப் பந்தல் அகலத்துக்கு வெற்றிடம் வேண்டும். அதிலும் தண்ணீர்ச் சத்துள்ள பொருள் ஜென்மப் பகை. பச்சை இலை, ஈரத் துணி, எதுவானாலும் சிக்னலைக் குடித்துவிடும். இதை அவன் வாடிக்கையாளர்களிடம் சொன்னான், டீக்கடையில் சொன்னான், சோறு போடும்போது மனைவி சுபஸ்ரீயிடம் சொன்னான். கேட்கிறாளா இல்லையா என்று பார்க்கிற பழக்கம் அவனுக்கு இல்லை.

அந்த நிபந்தனைக்காக ஊர்ப் பகையையும் சம்பாதித்திருந்தான். நைனார்பாளையத்தில் ஒரு காதுகுத்துக்கு ஆளுயரத்தை மூன்றால் பெருக்கினாற்போல ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அதில் தாய்மாமன் தலை சரியாக அரிசி ஆலையின் சிக்னலை மறித்தது. கெஞ்சிப் பார்த்தான், நடக்கவில்லை. மத்தியானம் எல்லாரும் பந்தியில் இருக்கும்போது ஏணி போட்டு ஏறி, தாய்மாமனின் முடியில் வட்டமாக ஒரு ஓட்டை போட்டுவிட்டு இறங்கினான். ஆலையில் நெட் வந்தது. காது குத்திக்கொண்ட குழந்தையைவிடத் தாய்மாமன் அதிகம் கத்தியதாகச் சொல்வார்கள்.

இப்படிப்பட்டவனுக்குக் கல்வராயன் மலைமேல் ஒரு பெருமை இருந்தது. வெள்ளிமலைக்கு லைன் கொடுத்திருந்தான். பள்ளம் தோண்டி ஒயர் கொண்டுபோகப் பாறை விடாது. கீழேயிருந்து நேராகப் பார்த்தாலும் வெள்ளிமலை தெரியாது, மலை விளிம்பு மறைக்கும். ஆனால் அந்த விளிம்பில் நின்றால் இந்தப் பக்கம் கள்ளக்குறிச்சியும் தெரியும், அந்தப் பக்கம் வெள்ளிமலையும் தெரியும். அங்கே, கோமுகி அணைக்கு மேலே, கொண்டை ஊசி வளைவுகள் முடிகிற இடத்தில் செல்லியம்மாள் டீக்கடை. கடைக்கு மேல் தளம் போட்ட சின்ன வீடு. பகலவன் அந்த மாடியில் ஒரு கம்பம் நட்டு இரண்டு டிஷ் மாட்டினான். ஒன்று கீழே கள்ளக்குறிச்சியிலிருந்து வாங்கும், மற்றது வெள்ளிமலைக்குத் தள்ளிவிடும். இடம் கொடுத்ததற்காகச் செல்லியம்மாளுக்கு நெட் இலவசம். ஐம்பது வயது செல்லியம்மாள், அடுப்புக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்துவைத்து சீரியல் பார்த்தபடி பால் பொங்கவிடுகிற அளவுக்கு முன்னேறிவிட்டாள்.

வெள்ளிமலையில் அந்த லைனை நம்பியிருந்தவர்களில் ஒருத்தி இலக்கியா. ஒவ்வொரு வருஷமும் மழைக்காலத்தில் களையெடுக்க அவளும் புருஷன் அஜித்தும் கர்நாடகத்துக் காப்பித் தோட்டத்துக்கு மூட்டை கட்டுவார்கள். கூடவே மகளையும் இழுத்துக்கொண்டு போவார்கள். திரும்பி வரும்போது பள்ளிக்கூடத்தில் அவள் பாதிப் பாடத்தைத் தவறவிட்டிருப்பாள். இந்த வருஷம் சென்னையில் ஒரு கம்பெனி இலக்கியாவுக்கு வேலை கொடுத்தது. வீட்டில் உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு, வாடிக்கையாளர்களின் சந்தேகங்களுக்குத் தமிழில் பதில் சொல்ல வேண்டும். அஜித் மட்டும் தோட்டத்துக்குப் போனான், மகள் மலையிலேயே ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனாள். கம்பெனி வைத்த கண்டிப்பு ஒன்றுதான். பேசிக்கொண்டிருக்கும்போது லைன் அறுந்துபோகக் கூடாது.

ஆடி மாதம் பிறந்ததிலிருந்து அறுந்தது.

காலையில் நன்றாக ஓடும். வெயில் ஏறி மலையில் காற்று எழும்பியதும் விட்டுவிட்டு வரும். பகலவன் தன்னுடைய டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் ஏணியைக் குறுக்காகக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு மலையேறுவான். செல்லியம்மாளின் மாடியில் ஏறிப் பார்த்தால் லைன் கல்லுமாதிரி நிற்கும். ஆட்டிப் பார்ப்பான், அசைத்துப் பார்ப்பான், நட்டை முடுக்குவான், கடைக்குள் வந்து சாக்கு மூட்டைமேல் முழங்கையை ஊன்றி உட்கார்ந்து டீ குடிப்பான். ஒரு குறையும் இருக்காது. அவன் இறங்கிக் கச்சிராயபாளையம் தாண்டுவதற்குள் இலக்கியாவிடமிருந்து போன் வரும்.

"அண்ணா, மறுபடி போயிடுச்சுங்க அண்ணா."

டிஷ்ஷை மாற்றினான். ஒயரை மாற்றினான். இடி இறங்கியிருக்குமோ என்று கம்பத்தையே பிடுங்கி வேறு கம்பம் நட்டான். குரங்குமேல் பழி போட்டான், செல்லியம்மாளின் ஆட்டுமேல் பழி போட்டான். ஒவ்வொரு தடவையும் அதே கதை. அவன் வந்தால் வரும், போனால் போகும்.

மலைக்காரர்கள் வேடிக்கையாகப் பேச ஆரம்பித்தார்கள். ஒயர் தம்பிக்குக் கைராசி, அவர் கைபட்டால்தான் லைன் நிற்கிறது என்றார்கள். பஸ் கண்டக்டர் ஒருவர், "நீ இங்கியே தங்கிடேன்பா, ஒன் போட்டோவையாவது மாட்டிட்டுப் போ" என்றார். ராசி என்ற சொல்லையே சகிக்காத குடும்பத்தில் பிறந்தவனுக்குக் கைராசி. பகலவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதில் மனசு ஒரு ஓரமாகக் குளிர்ந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

அந்தக் குளிர்ச்சியை இலக்கியாவின் அடுத்த போன் துடைத்துவிட்டது. அன்றைக்கு அவள் அழவில்லை, குரலைத் தாழ்த்திப் பேசினாள். பக்கத்தில் மகள் இருந்திருக்க வேண்டும்.

"கம்பெனி மேடம் மெயில் போட்டுட்டாங்க அண்ணா. நாளைக்கி மத்தியானம் நான் பேசறத அவங்களே லைன்ல இருந்து கேப்பாங்களாம். நடுவுல அறுந்துச்சுன்னா வேல இல்லன்னுட்டாங்க. அவரு தோட்டத்துலருந்து போன் பண்ணி, வேல போச்சுன்னா பாப்பாவக் கூட்டிக்கினு பஸ் ஏறிடுங்கிறாரு."

"அறுவாது. நான் பார்த்துக்கறேன்."

சொல்லிவிட்டானே தவிர, எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை. போனில் பதிவாகியிருந்த சிக்னல் கோட்டைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான். அவன் மலையில் இருந்த நேரமெல்லாம் கோடு பச்சையாக இருந்தது. அதுவும் அவன் மாடியில் ஏறுவதற்குச் சற்று முன்னாலேயே பச்சை. இறங்கிச் சற்று நேரத்தில் சிவப்பு. இது மெஷின் பண்ணுகிற வேலை இல்லை, மனுஷன் பண்ணுகிற வேலை என்று பகலவனுக்குப் பொறி தட்டியது. எவனோ கைவைக்கிறான். வண்டிச் சத்தம் கேட்டதும் சரியாக்கிவிட்டு ஓடுகிறான். கச்சிராயபாளையத்தில் புதிதாக நெட் தொழில் தொடங்கியிருந்த ஒருவனின் முகம் மனசில் வந்தது. அந்த முகத்தை என்ன செய்யலாம் என்று யோசித்தபடியே தூங்கினான்.

மறுநாள் எக்ஸ்.எல்.லைக் கோமுகி அணைப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் நிறுத்திப் பூட்டினான். ஏணியையும் அங்கேயே விட்டான். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெள்ளிமலை பஸ்ஸில் ஏறி, ஜன்னல் பக்கம் குனிந்து உட்கார்ந்து, கடைக்கு ஒரு வளைவு முன்னாலேயே இறங்கிக்கொண்டான். அங்கிருந்து புதர் ஓரமாகவே நடந்தான். வளைவு திரும்பியதும் மாடி தெரிந்தது.

மாடியில் எவனும் இல்லை. வெள்ளிமலையைப் பார்த்த டிஷ்ஷுக்கு ஒரு சாண் முன்னால், சற்று ஒதுங்கிய பக்கவாட்டுக் கம்பியிலிருந்து ஒரு வெண்பூசணி தொங்கிக்கொண்டிருந்தது.

சாதாரணப் பூசணி இல்லை, கல்யாணச் சாம்பாருக்கு வெட்டுகிற அளவு. மஞ்சள் பூசி, குங்குமம் தீற்றி, கரியில் உருட்டு விழியும் முறுக்கு மீசையும் வரைந்து, சிவப்பு நாக்கைத் தொங்கவிட்டிருந்தது. ஆடிக் காற்று ஒரு தள்ளு தள்ளியது. பூசணி நிதானமாக ஊஞ்சலாடி டிஷ்ஷின் முகத்துக்கு நேரே வந்து நின்று, யோசித்துவிட்டு, அந்தப் பக்கம் போனது. பகலவன் போனை எடுத்துப் பார்த்தான். பூசணி குறுக்கே வரும்போது கோடு சிவப்பு, விலகும்போது பச்சை. ஒரு பானைத் தண்ணீரைத் தோலுக்குள் கட்டிவைத்த காய் அது. அதைவிடச் சிறந்த அடைப்பானை அவனே நினைத்தாலும் செய்திருக்க முடியாது.

வெளிப் படிக்கட்டில் ஏறினான். சத்தம் கேட்டுச் செல்லியம்மாள் டீ வடிகட்டியும் கையுமாகப் பின்னாலேயே வந்தாள். அவனைப் பார்த்ததும் அவள் முகம் செத்துப்போனது.

"இன்னா தம்பி, வண்டி சத்தமே இல்லாம வந்துட்ட."

"இன்னாக்கா இது?"

"பூசணிக்கா."

"அது தெரியுது. எத்தினி நாளா தொங்குது?"

"போன அமாவாசைலருந்து." வடிகட்டியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள், அதுவும் தப்போ என்பது போல. "இலக்கியா பொண்ணு வூட்ல ஒக்காந்துக்கினு கம்பெனி வேல பாக்குதேன்னு ஊரே கண்ணு வைக்குது தம்பி. வர்றவன் போறவன் எல்லாம் இங்க டீ குடிச்சிக்கினு அவ பேச்சுதான் பேசறான். அதான் அவ லைனுக்கு ஒண்ணு கட்டுனேன். மொதல்ல சின்னதுதான் கட்டுனேன். லைன் அறுந்துச்சுன்னாங்க. திருஷ்டி ஜாஸ்தியாயிடுச்சு போலன்னு பெருசாக் கட்டுனேன். அப்பவும் அறுந்துச்சு. போன வாரம் சின்னசேலம் சந்தைக்கே போயி, இருக்கறதுலயே பெருசா இத்த வாங்கியாந்தேன்."

"நான் வரும்போதெல்லாம் எங்க வெச்சிருந்த?"

"ஒன் ஆரன் சத்தம் கேட்டா அவுத்து சாக்குல போட்டுடுவேன்."

அந்தச் சாக்கின்மேல் முழங்கை ஊன்றித்தான் அத்தனை நாளும் டீ குடித்திருக்கிறான். பகலவனுக்கு நாக்கின் நுனியில் ஒன்றல்ல, ஒரு டஜன் வசனம் வந்து நின்றது. மேடை போட்டால் ஒரு மணி நேரம் தாங்கும். அதில் முதலாவதை எடுப்பதற்குள் வாய் வேறொன்றைக் கேட்டுவிட்டது.

"ஏன்க்கா ஒளிச்ச? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ இன்னா பண்ணுவேன்னு எனக்குத் தெரியாதா?" செல்லியம்மாள் அவனைப் பார்க்காமல் பூசணியைப் பார்த்துச் சொன்னாள். "அன்னிக்கி கடைல நான் கட்டுன எலுமிச்சம்பழத்த அறுத்து சர்பத்துல பிழிஞ்சு குடிச்சியே. பஸ்ஸு ஜனம் மொத்தமும் சிரிச்சுது."

அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. தன்னுடைய சிறந்த வேடிக்கைகளில் ஒன்றாக அதைக் கீழே பத்து இடத்தில் சொல்லியிருக்கிறான். செல்லியம்மாளும் சிரித்தாள் என்று முடிப்பான். அவள் சிரித்தாளா என்று இப்போது யோசித்தால், அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டதுதான் கண்ணில் நின்றது. பகலவனுக்கு வெட்கமாக இருந்தது. கம்பத்தை மாற்றினான், ஒயரை மாற்றினான். குறுக்கே நின்றது அவனுடைய வாய். அதற்குப் பயந்து ஒரு பெண்பிள்ளை தன் வீட்டு மாடியிலேயே திருடி மாதிரி ஏறி இறங்கியிருக்கிறாள். இன்னொருத்தி காப்பித் தோட்டத்து பஸ்ஸுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறாள்.

மத்தியானம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவன் பூசணியை அவிழ்த்துக் கீழே வைத்தான்.

"அக்கா, இதுல இருக்கறது பூரா தண்ணி. குறுக்க ஆடுனா சிக்னலக் குடிச்சிடும். லைன் அறுந்ததுக்கு இதான் காரணம்."

செல்லியம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு தலையாட்டினாள். "சரி தம்பி. நீ சொல்றது ஒன் மெசினுக்கு சரி. நீ போனதும் நான் மறுபடி கட்டிடுவேன். அந்தப் பொண்ணுக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா நான் தாங்க மாட்டேன்."

"கட்டுனாதான்க்கா அவளுக்கு ஆவும்."

"கட்டலன்னாலும் ஆவும். என் மாடி, நான் கட்டுவேன்."

விளக்கிச் சொல்லிப் பார்த்தான். போனில் கோட்டைக் காட்டினான். அவள் கோட்டைப் பார்த்து, பச்சை ராசியான நிறம்தான் என்றாள். அவன் கீழே போன கணமே பூசணி மேலே ஏறிவிடும். அது ஏறாமல் இருக்க ஒரே வழிதான் இருந்தது. அது இடைஞ்சலில்லாத இடத்தில் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

"பின்னாடி கட்டலாமாக்கா? ரெண்டு டிஷ்ஷுக்கும் முதுகுப் பக்கம், குறுக்க வராத எடமா."

செல்லியம்மாள் யோசித்தாள். "முதுகுல கட்டுனா புடிக்குமா?"

"கண்ணு வைக்கறவன் எல்லாம் முதுகுக்குப் பின்னாடிதான வைக்கறான்."

இது அவளுக்குச் சரியாகப் பட்டது. ஆனால் மறுபடி கட்டுவதென்றால் சும்மா கட்டக் கூடாது, சூடம் ஏற்றி மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும் என்றாள். கம்பத்தின் முதுகுப் பக்கம் கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீண்டிருந்தது. சுவர்மேல் ஏறி நிற்க அவளுக்கு முழங்கால் ஒத்துழைக்காது. ஆக, தட்டில் சூடத்தைக் கொளுத்தி அவன் கையில் கொடுத்தாள். தகப்பனாருக்குக் கொள்ளியே வைக்காத கை. அது ஒரு பூசணிக்காயைச் சூடத்தால் மூன்று சுற்றுச் சுற்றியது. பிறகு பகலவன் சுவர்மேல் ஏறி, பையிலிருந்து கேபிள் டை என்கிற பிளாஸ்டிக் பட்டைகளை எடுத்து, காற்றுக்கு ஆடாதபடி கம்பத்தோடு இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டினான். கட்டும்போதுதான் அந்த மீசையை அருகில் பார்த்தான்.

"மூஞ்சி யாருதுக்கா?"

"பயங்கரமா வரையணும்னாங்க. எனக்குத் தெரிஞ்சது ஒன்னுதுதான் தம்பி."

கோடு பச்சையாக இருந்தது. காற்று எழும்பியது, மாடியில் ஓரமாகக் காயப்போட்ட புடவை பறந்தது, கோடு அசையவில்லை. பகலவன் கம்பத்தடியிலேயே உட்கார்ந்துகொண்டான். செல்லியம்மாள் டீ கொண்டுவந்து வைத்தாள், அது ஏடு கட்டும் வரை அவன் தொடவில்லை. வெகுநேரம் கழித்துப் போன் அடித்தது.

"அண்ணா, நின்னுச்சுங்க அண்ணா. மேடம் ஃபுல்லா கேட்டாங்க. ஒரு தபா கூட அறுவல. வேல கன்ஃபார்முன்னுட்டாங்க." இலக்கியா இப்போதுதான் அழுதாள். "பாப்பாவுக்கு யூனிஃபார்ம் தெக்கக் குடுக்கலாம்ணா. எல்லாம் ஒங்க கைராசி."

மறுத்துப் பேச வாயெடுத்தான். கம்பத்தில் பூசணி கண்ணில் பட்டது. "சரிம்மா" என்று வைத்துவிட்டான்.

கிளம்பும்போது செல்லியம்மாளிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டான். இந்தச் சூடம் விஷயம் மலையை விட்டு இறங்கக் கூடாது. அவள் சத்தியம் செய்யாத குறையாகத் தலையாட்டினாள். அவன் தட்டைச் சுற்றும்போதே படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டது அவளுக்கு அப்போது நினைவில்லை. பகலவன் பஸ் பிடித்து, அணையில் எக்ஸ்.எல்.லை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அவன் கொடுத்த லைனிலேயே அந்தப் படம் அவனைவிட வேகமாகக் கள்ளக்குறிச்சி போய்ச் சேர்ந்திருந்தது. கச்சிராயபாளையத்தில் பெட்ரோல் போட நின்றபோது, பம்ப் பையன் வண்டியைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினான்.

பொழுது சாயும் நேரத்தில் வீடு வந்தான். சுபஸ்ரீ வாசலில் நின்றிருந்தாள். அவளும் பார்த்திருப்பாள், சிரிக்கப் போகிறாள் என்று தயாராக நின்றான். அவள் சிரிக்கவில்லை.

"மேல வாங்க," என்றாள்.

மாடியில் கோபுரத்தின் காலடியில் ஒரு பழைய பேட்டரிப் பெட்டி கிடந்தது. செத்துப்போன பேட்டரி என்று அவன் திறந்தே பார்த்ததில்லை. சுபஸ்ரீ மூடியைத் தூக்கினாள். உள்ளே, கயிற்று உறியில், மஞ்சள் பூசிய பூசணி ஒன்று இருந்தது. போன அமாவாசைக்குக் கட்டிய புதுசு. அடியில் பழைய கயிறுகள், வருஷக்கணக்கில் சேர்ந்தவை, சுருட்டிச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன.

"எத்தினி நாளா?" என்றான்.

"டவர் நட்டதுலருந்து." அவள் குரலில் பயமும் இருந்தது, அதைத் தாண்டி ஏதோ ஒரு தெம்பும் இருந்தது. "நீங்கதான சொன்னீங்க, குறுக்க எதுவும் நிக்கக் கூடாதுன்னு. ஒரு டிஷ்ஷுக்கும் குறுக்க வராத எடமாப் பாத்துத்தான் வெச்சேன்."

சோறு போடும்போது சொன்னதையெல்லாம் அவள் கேட்டிருக்கிறாள். பகலவன் குனிந்து உறியைத் தொட்டுப் பார்த்தான். ஏதாவது சொல்லித் தொலைப்பானோ என்று சுபஸ்ரீ முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கயிறு நைஞ்சிருக்குது," என்றான். "பைல கேபிள் டை இருக்குது, எடுத்துக்கினு வா."